கரை பிடிக்கும்போது கவிழ்ந்த கயாக்: சாமான்கள் எப்படிப் போயின, எப்படிக் காப்பது

நடந்தது

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்திலிருந்து வடமேற்கே கேரள எல்லையான நீரோடி வரைக்கும் நீளும் கரை. டிசம்பர் கடைசி. விடியலில் தூண்டிலுக்குப் போன கயாக் ஒன்று, காலை பத்து மணி வாக்கில் திரும்பும்போது கரைக்கு முப்பதடி இருக்கையில் கவிழ்ந்தது. ஓட்டியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சாமான்களில் பாதி கடலோடு போனது. மீதியில் பாதியை மணல் தின்றது. காற்று இல்லை. வெளிக்கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கரைமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுக்க வந்திருந்தவர்கள்தான் படகைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் ஒருவர் உடைந்த ராடை (தூண்டில் கம்பை) கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கம்பெ நாட்டி வச்சிட்டாடே மக்கா கர பிடிச்ச?" தூண்டில் கம்பை நட்டு வைத்தபடியேவா கரைக்கு வந்தாய் என்பது கேள்வி.

ஓட்டியவர் அப்போது ராடு ஹோல்டரின் (ராடை நிறுத்தி வைக்கும் குழாயின்) தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஹோல்டர் மேல் பெரிய தப்பில்லை. சேதத்தை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தால், அது கரையோரத்தில் தொடங்கவில்லை என்று தெரியும். அலை உடையும் இடத்துக்கு வெளியே, படகு அமைதியாக மிதந்துகொண்டிருந்தபோதே எல்லாம் முடிவாகிவிட்டது.

கரையின் குணம்

பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கரை இது. எல்லை தாண்டினால் பொழியூர். மணல் ஒடுக்கம். பல இடங்களில் கடலரிப்புத் தடுப்புக் கல் தண்ணீரைத் தொட்டே நிற்கிறது, இடையிடையே தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்). மணல் இருக்கும் இடத்திலும் சரிவு அதிகம். தென்மேற்குப் பருவத்தில் மணலை அரித்துக்கொண்டு போகும் கடல், மழை ஓய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடும். டிசம்பர், ஜனவரியில் அந்த மணல் கரையோரம் திட்டாக நிற்கும். அதன் கடல்முகம் சரேலென்று இறங்கும். அதனால்தான் இங்கே அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக நடந்து வருவதில்லை. கரைக்கு மிக அருகில் சுருண்டு, ஓங்கி அடிக்கிறது. ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் இந்தச் சரிவுக்கு அதுவே அதிகம். விடியலில் வற்றம் இருக்கும்போது சற்று வெளியே உடைந்த அலை, பத்து மணிக்கு ஏற்றம் வந்ததும் திட்டின் காலடியில் உடையும். போகும்போது இருந்த கரையும் வரும்போது இருக்கும் கரையும் வேறு வேறு.

அன்றைய அலையும் காற்று எழுப்பிய அலை அல்ல. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய புயல் கிளப்பிவிட்டு, நாட்கணக்கில் ஓடி வந்த அலை. ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் 14, 15 வினாடி இடைவெளி. வெளியே அதன் உயரம் முக்கால் மீட்டர் இருக்கலாம். ஆனால் நீளம் அதிகம் என்பதால் மெதுவாக ஏற்றி இறக்கும், படகில் உட்கார்ந்திருப்பவருக்கு உறைக்காது. ஆழம் குறையக் குறைய அது நிமிரும். இடைவெளி நீளமான அலைதான் கரையருகே அதிகமாக நிமிரும், அதிகத் தண்ணீரைக் கொண்டுவரும். இதே அலை இன்னும் பெரிதாக வந்து ஊருக்குள் ஏறினால் அதுதான் கள்ளக்கடல். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு எச்சரிக்கை விடுகிறது. அந்த அறிக்கையில் பலரும் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கயாக்காரர் முதலில் பார்க்க வேண்டியது வினாடிக் கணக்கை. ஒரு மீட்டர் அலை 6 வினாடியில் வந்தால் நனைப்பு. 15 வினாடியில் வந்தால் இந்தச் சரிவில் அடி.

வேகக் கணக்கு ஒன்று. அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில் உடைகிறது என்றால், அப்போது அது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சுமையேற்றிய 12 அடிக் கயாக்கை முழு மூச்சாகத் துழாவினாலும் 8, 9 கிலோமீட்டரைத் தாண்டாது. அலைக்கு முன்னால் ஓடித் தப்பலாம் என்பது நடக்காத காரியம்.

படகும் ஏற்றியிருந்த விதமும்

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை பாலிஎத்திலீன் கயாக், 33 கிலோ. இருக்கைக்குப் பின்னால் தளத்தோடு பதிந்த இரண்டு ஹோல்டர்களில் இரண்டு ஏழடி ராடுகள் பின்பக்கம் சாய்ந்து நின்றன. ஒன்றில் 4000 அளவு ரீல் (நரம்பு எனப்படும் தூண்டில் நூலைச் சுற்றும் கருவி), மற்றதில் 6000. இரண்டிலும் லூர் (செயற்கை இரை) மாட்டியபடியே இருந்தது. ஒவ்வொரு ராடும் சுருள்வயர் லீஷால் (பிடிகயிற்றால்) படகோடு கட்டப்பட்டிருந்தது. அவற்றுக்கும் பின்னால் சாமான் வைக்கும் பால் கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) ஒன்று, இரண்டு பங்கி கயிற்றில் (ரப்பர் கயிற்றில்). முன்னால் மீன் இருக்குமிடம் காட்டும், ஐந்து அங்குலத் திரையுள்ள பிஷ் ஃபைண்டர், பக்கவாட்டுக் கையில் தண்ணீருக்குள் தொங்கும் அதன் உணரியான டிரான்ஸ்டியூசர், கிரேட்டுக்குள் 12 வோல்ட் பேட்டரி. கால் வைக்கும் பள்ளத்தில் ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரமும் சுற்றாமல் கிடந்த 30 மீட்டர் கயிறும். முன் ஹாட்ச் (படகின் உடலுக்குள் போகும் வாய்) மூடியின் மேல் ஐஸோடு சேர்த்து ஏழு கிலோ மீன் பை. அந்த மூடிக்கு இரண்டு பக்கமும் பட்டா. ஐஸ் எடுக்கத் திறந்தபோது அவிழ்த்த இடப்பக்கப் பட்டா அவிழ்ந்தபடியே இருந்தது.

இப்படித்தான் பெரும்பாலான கயாக்குகள் கடலில் இருக்கும். மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது இதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. தப்பு, இதே கோலத்தில் கரைக்கு வந்தது.

கவிழ்ந்தது எப்படி

உடையும் இடத்துக்கு வெளியே அவர் நின்றது இரண்டு நிமிடம்கூட இல்லை. கடலிலிருந்து பார்ப்பவருக்கு அலையின் முதுகு மட்டுமே தெரியும். சுருண்டு விழும் முகம் கரைப்பக்கம் இருக்கிறது. போதாக்குறைக்கு, பெரிய அலைகள் நாலைந்து கூட்டாக வந்துவிட்டுச் சில நிமிடம் அடங்கும். அவர் பார்த்தது அந்த அடக்கத்தை. உள்ளே நுழைந்ததும் அடுத்த கூட்டம் வந்துவிட்டது.

முதல் இரண்டும் படகுக்கு அடியில் கடந்தன. மூன்றாவது பின்தலையை (படகின் பின்முனையை) தூக்கியது. அணியத்தின் (முன்முனையின்) மேல் ஏழு கிலோ பை; அவிழ்ந்த மூடி வழியாக ஏற்கெனவே கிட்டத்தட்ட 30 லிட்டர் தண்ணீர் படகின் உடலுக்குள் போயிருந்தது (கரையில் வடித்தபோது தெரிந்த அளவு). பின்தலை ஏறியதும் அந்தத் தண்ணீர் முழுக்க அணியத்துக்கு ஓடியது. அணியம் குத்தியது, நின்றது, படகு பக்கவாட்டில் திரும்பியது. அலை தள்ளும்போது உடம்பு தானாகக் கரைப்பக்கம் சாயும்; அவரும் சாய்ந்தார். கரைப்பக்க விளிம்பு தண்ணீருக்குள் மாட்டியதும் படகு அந்தப் பக்கம் புரண்டது. அப்போது ஆழம் ஒரு மீட்டர் இருந்திருக்கும்.

சேதம்

ஒரு ராடு, ஹோல்டர் விளிம்புக்கு நான்கு விரல் மேலே முறிந்தது. மற்றது முறியவில்லை, அதன் ஹோல்டர் ரிவெட்டுகளோடு தளத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகவும் தண்ணீர். முறிந்த ராடு லீஷில் தொங்கிக்கொண்டே சுழன்று, அதன் மும்முனைத் தூண்டில் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையில் ஏறியது. ஒரு சாண் தள்ளி ஏறியிருந்தால் கழுத்து. கிரேட் பங்கி கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியேறி, இரண்டு லூர் பெட்டிகளும் இடுக்கியும் பேட்டரியும் போயின. பிஷ் ஃபைண்டர் தாங்கியின் பந்து முறிந்து, வயரில் தொங்கியது. டிரான்ஸ்டியூசர் கை வளைந்தது. நங்கூரக் கயிறு ஆளைச் சுற்றி விரிந்து கிடந்தது. காலில் சுற்றாதது அதிர்ஷ்டம் தவிர வேறில்லை. 6000 ரீல் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தது. அன்று மாலை கைப்பிடியைச் சுற்றிப் பார்த்ததில்தான் அது கெட்டது. அதைப் பற்றிக் கடைசியில்.

ராடு ஏன் முறிகிறது

ஏழடி என்றால் 2.1 மீட்டர். ஹோல்டர் குழாய்க்குள் 20 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் வெளியே 1.9 மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்தில் படகு தலைகீழாக வேண்டிய தேவைகூட இல்லை. 120, 130 பாகை புரண்டாலே நுனி தரையைத் தொடும். அதற்குப் பிறகு 33 கிலோ படகும் உள்ளே இருக்கும் தண்ணீரும் மேலே விழும் அலையும் சேர்ந்து அந்த நுனியை மணலில் குத்துகின்றன. நெம்புகோல் கணக்குப்படி நுனியில் குறுக்கே 10 கிலோ வந்தால் குழாய் விளிம்பில் 100 கிலோவுக்கு மேல் வரும். ராடு வளையும் என்பதால் அது முழுதாக அப்படியே வராது. ஆனால் வளைந்து முடிந்த பிறகு மிச்சம் எல்லாம் விளிம்பில்தான். அங்கே ராடு முறியும், அல்லது ஹோல்டர் பெயரும். விலை கூடிய ஹோல்டர் போட்டிருந்தால் இரண்டு ராடும் முறிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லீஷைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதை விற்பவர்கள் சொல்வதில்லை. கை தவறி விழும் ராடு ஆழத்துக்குப் போகாமல் காப்பதுதான் லீஷின் வேலை. வெளிக்கடலில் அது கட்டாயம் வேண்டும். உடையும் அலைக்குள் அதே லீஷ், ஊக்கு (தூண்டில் முள்) மாட்டிய ஒரு கம்பை ஆளுக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்துச் சுழற்றுகிறது. தொலையவிடாமல் பிடித்து வைத்ததை உடைத்துக் கொடுக்கிறது. துடுப்பு லீஷுக்கும் இதே கதை. உள்ளே நுழையும் முன் கழற்றிவிட வேண்டும்.

பங்கி கயிறு நீளும் பொருள். நீளும் எதுவும் கவிழும் படகில் எதையும் பிடித்து வைக்காது. கிரேட் நான்கு விரல் எழும்பினால் போதும், அலை அதற்கடியில் புகுந்துவிடும்.

கட்டுமரத்தில் பெரியவர்கள் செய்ததைப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வலையும் மீன் கூடையும் மரத்தோடு ஒட்ட, கயிறு இழுபடாமல், கரைக்கு வரும் முன்பே கட்டப்பட்டுவிடும். மரம் புரண்டால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்வார்கள். புரளாது என்ற நம்பிக்கையில் யாரும் கட்டுவதில்லை. புரளும் என்று வைத்தே கட்டுவார்கள்.

மாற்றிய முறை

படகில் முதலில் செய்த மாற்றங்கள். ஒற்றைத்துண்டு ராடுக்குப் பதில் இரண்டு துண்டாகும் ராடு. பிரித்தால் 107 சென்டிமீட்டர், முன் ஹாட்ச் வழியாக உடலுக்குள் போகும். ஹாட்ச் சிறியதாக இருக்கும் படகுகளுக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயை 120 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனைக்கு மூடி ஒட்டி, மறுமுனைக்குத் திருகு மூடி போட்டு, தளத்தின் ஓரமாகப் படுக்க வைத்துக் கட்டலாம். ரீலைக் கழற்றினால் இரண்டு ராடின் நான்கு துண்டும் துணி உறையோடு அதில் அடங்கும், தப்பிப் போனாலும் மிதக்கும். பெயர்ந்த ஹோல்டரின் ஓட்டையைப் பசை போட்டு அடைக்க முயலக் கூடாது. பாலிஎத்திலீனில் பசை நிற்காது. அதே பொருளின் துண்டை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். புதிய ஹோல்டருக்கு ரிவெட் வேண்டாம். 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், உள்ளே அகலமான வாஷர், அல்லது ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வைத்து முடுக்க வேண்டும். கிரேட்டுக்கு 25 மில்லிமீட்டர் அகலத்தில் பக்கிள் போட்ட இரண்டு பட்டா, கிரேட்டின் மேலாகப் போகாமல் அதன் கம்பிகளுக்குள் நுழைத்து, படகின் வளையங்களில். மேலே வலை மூடி.

அடுத்தது வரிசை. உடையும் இடத்துக்கு நூறு மீட்டர் வெளியே படகை நிறுத்தி, அணியத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். வரும் அலை கண்ணுக்குத் தெரியும். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்திலேயே அலைக்கூட்டமும் இரண்டு மூன்று முறை கடந்துபோகும் என்பது கூடுதல் லாபம்.

முதலில் ஊக்கு. லூர், ஈயம், மும்முனை எதுவாக இருந்தாலும் நரம்பிலிருந்து அவிழ்த்துப் பெட்டிக்குள். ராடின் வளையத்தில் மாட்டி வைப்பது கணக்கில் வராது. பிறகு நரம்பை முழுக்கச் சுற்றி, ரீலைக் கழற்றி, இரண்டையும் தனித்தனித் துணிப்பையிலும் அதற்கு மேல் டிரை பேக்கிலும் (தண்ணீர் புகாப் பையிலும்) போட வேண்டும். ராடைப் பிரித்து, இரண்டு இடத்தில் வெல்க்ரோ சுற்றி, உள்ளே. உள்ளே தள்ளிவிட்டால் மட்டும் போதாது. கவிழும்போது உடலுக்குள் ராடு ஓடி மறுமுனையில் மாட்டிக்கொள்ளும், எடுக்க முடியாது. ஹாட்ச் வாயிலேயே ஒரு சிறு கயிற்றால் கட்ட வேண்டும்.

பிஷ் ஃபைண்டரை அணைத்து, வயரைக் கழற்றி, இரண்டு முனைக்கும் ரப்பர் மூடி போட்டு, திரையைத் தாங்கியிலிருந்து எடுத்து டிரை பேக்கில். ஐபிஎக்ஸ்7 என்று தண்ணீர் புகாத் தரக்குறி பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனை அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம். ஓங்கி அடிக்கும் அலைக்கும் மணலுக்கும் அது உத்தரவாதம் இல்லை. டிரான்ஸ்டியூசர் கையை மேலே மடக்கித் தளத்தோடு கட்ட வேண்டும். சுக்கான் இருந்தால் தூக்க வேண்டும். மிதி (காலால் மிதித்து ஓட்டும் அமைப்பு) இருந்தால் கழற்றித் தளத்தில் கட்ட வேண்டும். இறங்கியபடி இருக்கும் மிதி மணலில் முட்டினால் உடலே கிழியும்.

நங்கூரத்தை மடக்கி, கயிற்றை ஒரு வலைப்பைக்குள் திணித்து வாயைக் கட்டி, ஹாட்சுக்குள். சுருட்டிக் கட்டி வைத்தால் போதும் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. சுருட்டிய கயிறு அலையில் அவிழ்வதற்கு மூன்று வினாடி போதும். மீன் பை முன்னால் இருக்கக் கூடாது. இருக்கைக்குப் பின்னால், தாழ, பட்டா போட்டு. அணியம் கொஞ்சம் லேசாக இருந்தால்தான் குத்தாது.

கடைசியில் ஹாட்ச். பட்டாவைக் கண்ணால் பார்ப்பதோடு விடாமல், மூடியை உள்ளங்கையால் அழுத்தி, ரப்பர் வளையத்தில் மணல் துகளோ நரம்போ மாட்டவில்லை என்று சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். தளத்தின் ஸ்கப்பர் துளைகளில் (வடிகால் துளைகளில்) அடைப்பு போட்டிருந்தால் பிடுங்கிவிட வேண்டும். தளத்தில் விழும் தண்ணீர் உடனே வடிய வேண்டும்.

உள்ளே போகக் கூடாதவை மூன்று: கத்தி, விசில், தண்ணீர் புகாத உறையில் போன். மூன்றும் லைஃப் ஜாக்கெட்டில். படகு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் ஆனால் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கும் போன் ஹாட்சுக்குள் இருந்து பயனில்லை.

இதையெல்லாம் கட்டியாயிற்றா என்பதற்கு ஒரே சோதனை, படகை வேண்டுமென்றே கவிழ்ப்பது. குழித்துறையாற்றுக் கழிமுகத்தின் உட்பகுதியிலோ பூவாறு காயலின் ஓரத்திலோ, இடுப்பளவு அமைதியான தண்ணீரில், கடலுக்குப் போகும் அதே சுமையோடு படகைத் தலைகீழாக்கி, இரண்டு பேர் சேர்ந்து ஒரு நிமிடம் உலுக்க வேண்டும். ராடுக்குப் பதில் மூங்கில், ரீலுக்குப் பதில் கல் வைத்துக்கொள்ளலாம். மிதந்து வெளியே வருவது எதுவோ, மூழ்கிப் போவது எதுவோ, அதன் கட்டு சரியில்லை. நிமிர்த்தியபின் ஹாட்சைத் திறந்து எத்தனை லிட்டர் ஏறியது என்று வடித்துப் பார்க்க வேண்டும். ஒரு குவளைக்கு மேல் இருந்தால் மூடியின் ரப்பரை மாற்றும் நேரம்.

உள்ளே வருவது

இடத்தைப் போகும்போதே கரையிலிருந்து பார்த்து வைக்க வேண்டும். தூண்டில் வளைவின் ஓரம் அலை சிறிதாகத் தெரியும், ஆசை காட்டும். கரையில் குவிந்த தண்ணீர் கல்லை ஒட்டித்தான் வெளியே ஓடுகிறது, அதனால்தான் அங்கே அலை சிறிது. அந்த இழுப்பில் படகு நகராது, நகர்ந்தால் கல்லில் போய்த்தான் நிற்கும். கரைமடி விரித்திருந்தால் இரண்டு கயிறுகளும் கரையிலிருந்து நெடுந்தூரம் கடலுக்குள் போகும். இரண்டுக்கும் நடுவே இறங்குவது அவர்கள் பிழைப்பையும் கெடுக்கும், படகையும் மாட்டும். அலை மோசம் என்றால் துறைமுகத்துக்குள் போகலாமே என்று தோன்றும். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைகிறது. பெரிய படகுகளே கவிழ்ந்து உயிர்கள் போன இடம். பூவாறு பொழியில் (ஆறு கடலில் சேரும் வாயில்) நெய்யாறு வெளியே தள்ள, அலை உள்ளே தள்ள, நடுவே கயாக்குக்கு வேலையில்லை. வெளியே காத்திருந்து அடக்கம் பார்த்து மணலில் இறங்குவதே மேல்.

கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை படகைக் கடந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு துழாவ வேண்டும். அதைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. பின்னால் அடுத்தது தூக்கத் தொடங்கினால் முன்னோக்கித் துழாவுவதை நிறுத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு மூன்று பின்துழாவல் போட்டு அதை அடியில் கடக்கவிட வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் நேராக்கப் போராட வேண்டாம்; கடல்பக்கம், அலைக்குள் சாய்ந்து துடுப்பை அதன் மேல் ஊன்றினால் படகு பக்கவாட்டிலேயே கரைக்கு இழுத்துக்கொண்டு போகும். மனதுக்கு ஒவ்வாத சாய்வு இது, இடுப்பளவுத் தண்ணீரில் பழகாமல் வராது.

இறங்குவது எப்போதும் கடல்பக்கம். படகுக்கும் கரைக்கும் நடுவே நின்றால், தண்ணீர் நிரம்பிய படகு முழங்காலை உடைக்கும். சுருண்டு அடிக்கும் நாட்களில் இன்னொரு வழி உண்டு: உடைப்புக்குச் சற்று வெளியே, ஊக்கு எதுவும் வெளியில் இல்லாத படகிலிருந்து தண்ணீரில் இறங்கி, பின்தலைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீந்துவது. ஆள் இல்லாத படகு லேசாக மிதந்து நேராகப் போகும். பின்னால் தொங்கும் உடம்பே நங்கூரம் மாதிரி அதைத் திரும்பாமல் வைக்கும். இடைவெளி நீளமான ஒரு மீட்டர் அலை வரை இது உட்கார்ந்து வருவதைவிட நல்லது என்பது எங்கள் கருத்து. கால் தட்டியதும் நின்று மூச்சு வாங்கக் கூடாது. திட்டிலிருந்து திரும்பும் தண்ணீர் படகைப் பின்னால் இழுத்து அடுத்த அலையில் கொண்டுபோய்க் கொடுக்கும். சாமான்கள் பாதி கரையேறிய பிறகு போவது இங்கேதான். ஒரே இழுப்பில் திட்டின் மேல்.

பிப்ரவரியில் அதே படகு, அதே கரையில், ஏறக்குறைய அதே உயர அலையில் மறுபடி கவிழ்ந்தது. போனது ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில். ஹாட்சுக்குள் அரைக் குவளைத் தண்ணீர்.

மணல் ஏறிய ரீல்

முதல் நிகழ்வில் 6000 ரீலைக் கெடுத்தது அலை அல்ல, அன்று மாலை சுற்றிப் பார்த்த கை. மணலோடு நனைந்த ரீலின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாலும் துகள் பல்சக்கரங்களுக்கு நடுவே போய்விடும். அதற்குப் பின் என்ன எண்ணெய் போட்டாலும் கரகரப்பு போகாது. அதனால் கரையேறியதும் கைப்பிடி, பெயில் கம்பி (நரம்பைச் சுற்றிவிடும் வளைகம்பி), டிராக் (நரம்பு ஓடும் இறுக்கத்தை மாற்றும் பகுதி) எதையும் அசைக்காமல், அப்படியே ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். காயவிட்டால் உப்பு படிகமாகி உள்ளேயே உட்கார்ந்துவிடும்.

சும்மா சாரல் பட்ட ரீலுக்கு, டிராக்கை இறுக்கிவிட்டு மென்மையாக நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். அலையில் புரண்ட ரீலுக்கு அது பத்தாது. ஸ்பூலை (நரம்பு சுற்றிய உருளையை) கழற்றி, ரீல் உடலை வாளி நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, தண்ணீரை இரண்டு முறை மாற்ற வேண்டும். மணல் தானாகக் கீழே இறங்கும். குழாயில் வேகமாகப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் துகளை உள்ளே ஓட்டிவிடுவோம். பிறகு நிழலில் காயவைத்து, அன்றோ மறுநாளோ பிரிக்க வேண்டும், வார இறுதி வரை விடக் கூடாது. முதலில் போகும் உதிரி, நரம்பு உருளும் சிறு உருளையின் பேரிங். அதை மாற்றுவது மலிவு, மாற்றாமல் விட்டால் நரம்பை அறுக்கும். டிராக் தட்டுகளை எடுத்த வரிசையிலேயே துணியில் வைத்துத் துடைக்க வேண்டும். கார்பன் தட்டென்றால் டிராக் கிரீஸ் மெல்லிசாக. பின்சுற்றைத் தடுக்கும் ஒருவழி பேரிங்குக்கு மட்டும் கிரீஸ் ஆகாது, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். கிரீஸ் போட்டால் குளிர்ந்த காலையில் அது வழுக்கி, மீன் அடிக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் சுற்றும்.

லூர் பெட்டியில் ஒன்று நனைந்திருந்தாலும் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஓர் ஈர ஊக்கு இருந்தால் விடிவதற்குள் பக்கத்தில் இருப்பவையும் துரு பிடிக்கும். நனைந்த பிஷ் ஃபைண்டரை வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கும் கை நமநமக்கும். முனைகளை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு போடலாம். வயரின் ஃபியூஸை அப்போதே மாற்றிவிட வேண்டும். உள்ளே பச்சை பூத்த ஃபியூஸ் அடுத்த முறை கடலுக்கு நடுவில்தான் போகும்.

படகின் உடலையும் பார்க்க வேண்டும். கவிழ்ந்து மணலில் அடிபட்டபின் ஸ்கப்பர் துளைகளின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல் விடுவது வழக்கம், வெளியே தெரியாது. படகை இரண்டு கட்டையில் ஏற்றி, உடலுக்குள் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஹாட்சை மூடி, முன்னும் பின்னும் சாய்த்து வைத்தால் எந்தத் துளையின் அடியில் சொட்டுகிறது என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.